டாக் பாக்ஸுக்கு வக்காலத்து வாங்குவோருக்கு

ரயிலில் நாயையோ பூனையையோ கூட்டிக்கொண்டு போவது பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடம் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். "மனுசனுக்கே நிற்க இடமில்லை, இதில் நாய்க்கு வேறயா?" என்பது முதலாவது. "நாய் வளர்க்க வசதி இருக்கிறவனுக்குக் கார் வைக்க வசதி இருக்காதா?" என்பது இரண்டாவது. "அதான் ஃபர்ஸ்ட் ஏசி இருக்கு, கார்டு வேனில் டாக் பாக்ஸ் இருக்கு, இன்னும் என்ன வேணும்?" என்பது மூன்றாவது. பேசுகிறவர் அன்ரிசர்வ்டு பெட்டியைத் தவிர வேறு எதிலும் ஏறாத கூலித் தொழிலாளியாக இருக்கலாம், ரயிலேறிப் பல வருடமான அதிகாரியாகவும் இருக்கலாம். பதில் மட்டும் மாறுவதில்லை.

மூன்றுமே எளிய பயணிக்குப் பரிந்து பேசுவதுபோல ஒலிக்கின்றன. அதனால்தான் இவற்றை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை. எதிர்த்தால் மனிதரைவிட நாயைப் பெரிதாக நினைக்கிறவர் என்ற பழி வந்து சேரும். ஆனால் நடப்பில் இருக்கும் விதி யாரைத் தடுக்கிறது, யாருக்கு வழிவிடுகிறது என்று ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் இந்தப் பரிவு எங்கே போய் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். பணக்காரரின் நாய் குளிரூட்டிய அறையில் எசமானரின் காலடியில் படுத்துக்கொண்டு போகிறது. ஸ்லீப்பர் டிக்கெட்காரரின் நாய் இரும்புப் பெட்டிக்குள் போகிறது, அல்லது ஊரிலேயே தெருவில் விடப்படுகிறது. ஏழையின் பெயரைச் சொல்லி நிற்கிற ஒரு விதி, ஏழையை மட்டுமே தண்டிக்கிறது. நான் மறுக்க வந்தது இதைத்தான்.

விதியை முதலில் பார்த்துவிடலாம். இந்திய ரயில்வேயில் வளர்ந்த நாயை உடன் வைத்துக்கொண்டு போக ஒரே இடம் முதல் வகுப்பு. அதிலும் இரண்டு படுக்கை உள்ள கூபேயோ நான்கு படுக்கை உள்ள கேபினோ முழுவதும் நம் பேரில் இருக்கவேண்டும். ஒற்றை ஆளாகப் போகிறவரும் கூபேயின் இரண்டு படுக்கைக்கும் பணம் கட்டியாகவேண்டும். பணம் கட்டிவிட்டால் கூபே உறுதி என்று நினைத்துவிடக்கூடாது. எந்த அறை யாருக்கு என்பது சார்ட் போடும்போதுதான் முடிவாகும். அதற்காக ரயில்வேயின் வணிகப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். கூபே கிடைத்துவிட்டால், வண்டி புறப்பட நேரம் இருக்கும்போதே நாயோடு பார்சல் ஆபீசுக்குப் போய், தடுப்பூசி அட்டையும் கால்நடை மருத்துவரின் சான்றும் காட்டி, லக்கேஜ் கணக்கில் பணம் கட்டி ரசீது வாங்கவேண்டும். ஏசி இரண்டடுக்கு, மூன்றடுக்கு, சேர் கார், ஸ்லீப்பர், இரண்டாம் வகுப்பு எதிலும் நாய்க்கு அனுமதி கிடையாது. மீறி ஏற்றியது தெரிந்தால் லக்கேஜ் கட்டணத்தைப்போல ஆறு மடங்கு வசூலித்துக்கொண்டு, நாயை கார்டு வேனுக்கு அனுப்பிவிடுவார்கள். கூடைக்குள் அடங்குகிற சின்னக் குட்டிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு.

இப்போது அந்த இரண்டாவது பதிலுக்கு வருவோம். நாய் வளர்ப்பது வசதியுள்ளவர்களின் சோக்கு என்கிறார்கள். இதைச் சொல்கிறவர்கள் தங்கள் தெருவைவிட்டே வெளியே வந்திருக்கமாட்டார்கள். கிடை போடுகிற கோனார் வீட்டில் நாய் இருக்கிறது. தோட்டத்துக் காவலுக்கு நாய் இருக்கிறது. ஒற்றை அறை வாடகை வீட்டில் பாட்டியோடு பேச்சுத் துணைக்குப் பூனை இருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாட்டு இனங்களை இத்தனை தலைமுறை காப்பாற்றி வைத்திருப்பவர்கள் தென்மாவட்டத்துச் சம்சாரிகள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. தபால் தலையில் ஏறிய நாய் ஸ்லீப்பர் பெட்டியில் ஏற முடியவில்லை.

சரி, ரயிலில் நெடுந்தூரம் நாயைக் கூட்டிப்போக வேண்டிய அவசியம் யாருக்கு வருகிறது? சுற்றுலாவுக்குப் போகிற பணக்காரருக்கு அநேகமாக வருவதில்லை. அவருக்குக் கார் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், அவசரமென்றால் விமானம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஒருவர் தன் செல்ல நாய்க்காக மும்பையிலிருந்து சென்னை வந்த ஏர் இந்தியா விமானத்தின் பிசினஸ் வகுப்பு இருக்கைகள் முழுவதையும் பதிவுசெய்துகொண்டு வந்தது செய்தியானது. அவருக்கு ரயில்வே விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. அவசியம் வருவது மாற்றலாகிப் போகிற வங்கி ஊழியருக்கு, ராணுவக் குடும்பத்துக்கு, கேந்திரிய வித்யாலயா ஆசிரியைக்கு, வெளியூரில் வேலை முடிந்து ஊருக்கே திரும்பிவிடுகிற இளைஞனுக்கு. இவர்கள் வீட்டைக் காலிசெய்யும்போது கட்டிலும் பீரோவும் ஃப்ரிட்ஜும் லாரியில் போய்விடும். ஸ்கூட்டரை ரயில்வேயே பார்சலில் ஏற்றிக்கொள்ளும். வீட்டில் உயிரோடு இருக்கும் ஒன்றுக்குத்தான் வழி கிடையாது. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவது, "நல்லவங்க யாராவது எடுத்துக்குங்க" என்று வாட்ஸ்அப்பில் போடுவது, அதுவும் ஆகாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தெருமுனையில் இறக்கிவிடுவது என்று முடிகிறது. நாளைக்கு அந்தத் தெருமுனை நாய்களைப் பார்த்துப் புலம்பப் போவதும் நாம்தான்.

பணக்கணக்கையும் போட்டுவிடுவோம். சென்னையிலிருந்து மதுரைக்கு ஸ்லீப்பரில் போகிற ஒருவர் தன் நாயோடு முறைப்படி போக நினைத்தால் முதல் வகுப்பில் இரண்டு படுக்கை வாங்கவேண்டும். வழக்கமாக அவர் செலவழிப்பதைப்போலப் பத்து மடங்குக்குக் குறையாது. நாய்க்கான கட்டணம் அதற்கு மேலே. வைகை, வந்தே பாரத் போன்ற பகல் வண்டிகளில் போக நினைத்தாலோ பணம் இருந்தும் பிரயோசனமில்லை, அவற்றில் படுக்கை அறையுள்ள முதல் வகுப்பே கிடையாது. ஆகவே, "நாயோடு ரயிலில் போகிறவர்கள் எல்லாம் பணக்காரர்கள்" என்பது உண்மைதான். மற்றவர்களை விதி வாசலிலேயே நிறுத்திவிட்டதால் வந்த உண்மை அது. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வந்தவர்களைக் காட்டி, "பார், இவர்களுக்குத்தான் இது வேண்டியிருக்கிறது" என்று சொல்வது என்ன நியாயம்?

மூன்றாவது பதில்தான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அது ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று நம்பவைக்கிறது. கார்டு வேனில் பெட்டி இருக்கிறதாம். பேசுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பெட்டியைக் குனிந்து பார்த்திருப்பார்கள்?

வண்டியின் கடைசியில் கார்டு உட்காரும் பெட்டி இருக்கிறதே, அதில் அவருடைய அறைக்குப் பக்கத்தில், தரையோடு ஒட்டி, இரும்புத் தகட்டால் அடைத்த ஒரு பொந்துதான் டாக் பாக்ஸ். கதவில் காற்றுக்குச் சின்ன வலை. உள்ளே விரிப்பு கிடையாது, தண்ணீர்ப் பாத்திரம் கிடையாது, விளக்கும் கிடையாது. நடுத்தர உயரமுள்ள நாய்கூட அதில் நிமிர்ந்து நிற்கச் சிரமப்படும். அடியில் சக்கரத்தின் தடதடப்பு, சுற்றிலும் பார்சல் மூட்டைகள். தீனியும் தண்ணீரும் உரிமையாளரின் பொறுப்பு என்று விதி சொல்லிவிட்டது. கார்டு, அதாவது இன்றைய ரயில் மேலாளர், நாயைக் கவனிக்கக் கடமைப்பட்டவர் கிடையாது. அவரைக் குறைசொல்லவும் முடியாது. சிக்னலைப் பார்ப்பாரா, நாய் வாலாட்டுகிறதா என்று பார்ப்பாரா?

உரிமையாளர் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறீர்களா? நீங்களே போய்ப் பாருங்கள். எல்எச்பி என்கிற புது வகைப் பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர் நீளம். 22 பெட்டி உள்ள வண்டி அரை கிலோமீட்டருக்கு மேல் வரும். நடுவில் உள்ள ஸ்லீப்பரில் இருப்பவர் கடைசிப் பெட்டிக்குப் போக 250 மீட்டர், திரும்பி வர 250 மீட்டர். வண்டி ஓடும்போது உள்வழியாக கார்டு வேனுக்குப் போக முடியாது. பிளாட்பாரத்தில் இறங்கித்தான் ஓடவேண்டும். பல ஊர்களில் வண்டி நிற்பது இரண்டு நிமிடம். குடத்தோடு தண்ணீருக்கு ஓடுகிறவர்கள், டீ விற்கிறவர், இறங்குகிற கூட்டம், ஏறுகிற கூட்டம் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டு போய், கார்டிடம் கெஞ்சிக் கதவைத் திறக்கச்சொல்லி, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பயந்துபோன நாய் குடிக்கும்வரை காத்திருந்து, திரும்பி ஓடவேண்டும். ஒற்றை ஆளாகப் போகிறவர் என்றால் இந்த ஓட்டத்தின்போது இருக்கைக்கடியில் இருக்கும் சூட்கேஸை யார் பார்த்துக்கொள்வது? பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடலாம். வண்டி கிளம்பிவிட்டால் நாய் ஒரு பக்கம், லக்கேஜ் ஒரு பக்கம், ஆள் பிளாட்பாரத்தில்.

நம் சட்டமே இதை ஏற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் கீழ் 1978-ல் விலங்குப் போக்குவரத்து விதிகள் வந்தன. நாய், பூனைகளுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு. கோடையில் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும் குளிர்காலத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையும் குடிக்கப் போதுமான தண்ணீர் தரவேண்டும் என்கிறது. வளர்ந்தவற்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் குட்டிகளுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையும் தீனி தரவேண்டும் என்கிறது. ரயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் என்றால் ஓர் ஆள் கூடவே போகவேண்டும், எல்லா நிலையங்களிலும் அவரால் கூண்டை அணுக முடியவேண்டும் என்றும் சொல்கிறது. இதை எழுதியது ஏதோ விலங்கு நலச் சங்கம் கிடையாது. இந்திய அரசு. டாக் பாக்ஸை ஓட்டுவதும் அதே இந்திய அரசு. சென்னையிலிருந்து போபால் போக ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிறது. மே மாதத்தில் வாரங்கலும் பல்லார்ஷாவும் நாக்பூரும் எப்படிக் காயும் என்று அந்த வழியில் ஒரு முறை ஸ்லீப்பரில் போனவர்களுக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போகிற மனிதனுக்கே நாக்கு வறளும். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்றும். காற்றோட்டமில்லாத இரும்புக்குள் அந்த வழியும் அடைபட்டுவிடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் நிலைமை இன்னும் மோசம்.

போகட்டும், அந்தப் பெட்டியில் நாய் செத்துப்போனால்? 1990-ஆம் ஆண்டின் ரயில்வே பொறுப்பு வரம்பு விதிகள் இதற்கும் விலை போட்டு வைத்திருக்கின்றன. யானைக்கு 6,000 ரூபாய். குதிரைக்கு 3,000. மாடு, ஒட்டகம், கோவேறு கழுதைக்கு 800. நாய், கழுதை, ஆடு, பன்றி, பறவை எல்லாம் ஒரே வரிசையில், தலைக்கு 120 ரூபாய். கூடுதல் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணம் கட்டினால் ஒழிய இதற்கு மேல் பொறுப்பில்லை. அதே விதிகளில் பயணியின் லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய். இரண்டு கிலோ துணிப்பையைத் தொலைத்தால் 200 ரூபாய், நாயைக் கொன்றால் 120. மிருகவதைச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதமோ 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் முடிகிறது. செல்லப்பிராணியை லக்கேஜாக நடத்துகிறார்கள் என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். லக்கேஜாக நடத்தினால்கூடப் பரவாயில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் இருக்கிறோம். லக்கேஜுக்காவது நம் இருக்கைக்கடியில் இடம் உண்டு.

இனி முதல் பதில்: மனிதருக்கே இடமில்லை. இதில் உண்மை இருக்கிறது, மறுக்கமாட்டேன். பண்டிகை நாட்களில் அன்ரிசர்வ்டு பெட்டியில் கழிவறை வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே நாயை ஏற்றவேண்டும் என்று புத்தியுள்ள எவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தைக் காட்டி முன்பதிவுப் பெட்டியின் கதவை ஏன் சாத்துகிறீர்கள்? முன்பதிவுப் பெட்டியில் இடம் என்பது எண்ணி வைத்த இடம். அங்கே லக்கேஜுக்கு நாம் காட்டுகிற தாராளத்தைப் பாருங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம், இரண்டடுக்கில் 50, முதல் வகுப்பில் 70. நடைமுறையில் யாரும் எடை பார்ப்பதில்லை. கல்யாணத்துக்குப் போகிற ஒரு குடும்பம் பலாப்பழத்தையும் அரிசி மூட்டையையும் பாத்திரச் சாக்கையும் நடைவழியில் அடுக்கிவிட்டால், "பாத்து வாங்க, கால் இடிக்கும்" என்று தாண்டிப்போகிறோம். அந்த 40 கிலோவுக்குள் அடங்குகிற நான்கு கிலோ பூனையைக் கூண்டில் வைத்துக் காலடியில் தள்ளிக்கொள்கிறேன், துணிமணியைக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் நமக்கு இடப்பற்றாக்குறை நினைவுக்கு வந்துவிடுகிறது.

இடம் பற்றி ஒரு யோசனையும் சொல்கிறேன். மூன்றடுக்கு எல்எச்பி ஏசி பெட்டியில் 72 படுக்கைகள், எட்டெட்டாக ஒன்பது தடுப்புகள். ஒரு வண்டியில் ஒரே ஒரு பெட்டியின் ஒரே ஒரு கடைசித் தடுப்பை, கதவுக்கு அருகே உள்ளதை, செல்லப்பிராணியோடு வருகிறவர்களுக்கு ஒதுக்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒதுக்கீடு இருக்கிறது. யாரும் எடுக்காத ஒதுக்கீட்டுப் படுக்கையைச் சார்ட் போடும்போது காத்திருப்போருக்கு விடுவதும் ரயில்வேக்குப் பழக்கமானதுதான். இதையும் அப்படியே செய்தால் ஒரு மனிதரின் படுக்கையும் வீணாகாது. ஸ்லீப்பரிலும் இப்படி ஒரு தடுப்பு வேண்டும், இல்லையென்றால் இந்தச் சலுகையும் ஏசிக்காரர்களோடு நின்றுவிடும்.

அடுத்து வருவது சுத்தமும் பயமும். நாய் குரைக்கும், அசிங்கம் செய்யும், கடிக்கும், சிலருக்கு ஒவ்வாமை வரும். ஒவ்வாமை நிஜமானது. ஆனால் இன்றைய ஏற்பாடு ஒவ்வாமைக்காரரை எப்படிக் காப்பாற்றுகிறது? நேற்று நாய் படுத்திருந்த அதே கூபேயில் இன்று இன்னொருவர் ஏறுகிறார், அவருக்கு அது தெரியவே தெரியாது. தனித் தடுப்பு என்று டிக்கெட் எடுக்கும்போதே திரையில் காட்டிவிட்டால், ஒவ்வாமை உள்ளவரும் பயப்படுகிறவரும் வேறு பெட்டியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒளித்து வைப்பதைவிட ஒதுக்கி வைப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

சுத்தம் என்று வந்தால், கூடையில் வருகிற குட்டிக்கு விதி விலக்கு தந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். பழக்கிய பெரிய நாய் இறக்கிவிடும்வரை அடக்கிக்கொள்ளும், குட்டி அடக்காது. அசிங்கத்துக்குப் பயந்து எழுதிய விதி என்றால் தலைகீழாக அல்லவா எழுதியிருக்கவேண்டும்? இரவு பதினொரு மணிக்கு இயர்போன் இல்லாமல் ரீல்ஸ் பார்க்கிறவரையும், மேல் படுக்கையில் பாத்திரம் உருட்டுவதுபோல் குறட்டை விடுகிறவரையும் பொறுத்துக்கொள்கிறோம். டிக்கெட் இல்லாமல் பெட்டிக்குப் பெட்டி போய் முறுக்குப் பொட்டலத்தைக் கடிக்கிற எலியையும் பொறுத்துக்கொள்கிறோம். தடுப்பூசி போட்டு, சான்று வாங்கி, வாய்க்கூடு மாட்டி, பணம் கட்டி வருகிற நாயிடம்தான் நம் பொறுமை தீர்ந்துபோகிறது.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நாய் என்றாலே நாடு இரண்டு கட்சியாகிவிட்டது. வெறிநாய்க்கடி உயிர்போகிற விஷயம், அதில் எனக்கு விளையாட்டில்லை. ஆனால் அந்தக் கோபத்தை வீட்டு நாயின் மேல் காட்டுவதில் அர்த்தமில்லை. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்கவேண்டும், அதற்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். பிளாட்பாரத்தில் நம் காலடியில் படுத்திருக்கும் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அதைத் தாண்டித்தான் தினமும் வண்டி ஏறுகிறோம். எது பயப்பட வேண்டிய நாய்?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்" என்று ஒரு கடைசி அம்பும் வரும். வெள்ளைக்காரர்கள் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஒரு பயணி இரண்டு நாய்களை இலவசமாகவே கூட்டிப்போகலாம். ஜெர்மனியில் கூண்டில் அடங்குகிறவற்றுக்குக் கட்டணம் இல்லை, பெரிய நாய்க்கு அரை டிக்கெட், வாய்க்கூடு கட்டாயம். அமெரிக்காவின் ஆம்ட்ராக் கூண்டோடு சேர்த்து 20 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 9 கிலோவரைதான் அனுமதிக்கிறது, பயணமும் ஏழு மணி நேரத்துக்கு மேல் கூடாது. எல்லாம் ஒன்றுபோல இல்லை என்பதைக் கவனியுங்கள். அவரவர் நிலைமைக்கு ஏற்ப வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் வரம்பு நாயின் அளவையும் பயண நேரத்தையும் பார்த்து வைத்தது, பயணியின் பணப்பையைப் பார்த்து வைத்ததல்ல.

நம்மைப்போலவே நாள்கணக்கில் ஓடுகிற வண்டிகள் உள்ள நாடு ரஷ்யா. அங்கே கதவில்லாத, திறந்த படுக்கைகளுள்ள மூன்றாம் வகுப்பிலும் குறிப்பிட்ட பெட்டிகளில் சிறு பிராணிகளைக் கூண்டில் கொண்டுபோகலாம். 2024 ஜனவரியில் ட்விக்ஸ் என்ற பூனை கூண்டிலிருந்து வெளியே வந்துவிட, தெருப்பூனை என்று நினைத்த பெண் நடத்துநர் அதைக் கீரோவ் நிலையத்தில் உறைபனியில் இறக்கிவிட்டார். பூனை செத்துக்கிடந்தது. நாடே கொதித்தது. ரஷ்ய ரயில்வே விதியைத் திருத்தி, பிராணிகளை நடத்துநர்கள் வண்டியிலிருந்து இறக்கிவிடக்கூடாது என்று அறிவித்தது. ஒரு பூனைக்காக ஒரு பெரிய நிர்வாகம் தன் கையேட்டை மாற்றிக்கொள்ள முடியும்.

அவ்வளவு தூரம் போவானேன், கர்நாடக அரசுப் பேருந்தில் பிராணிகளுக்கும் பறவைகளுக்கும் டிக்கெட் உண்டு. 2024 மார்ச்சில் பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போன ஒரு பாட்டியும் பேத்தியும் கொண்டுவந்த நான்கு லவ் பேர்ட்ஸுக்கு நடத்துநர் தலைக்கு 111 ரூபாய் வீதம் 444 ரூபாய்க்கு டிக்கெட் கிழித்தார். நாடே சிரித்தது. எனக்கு அதில் சிரிப்பைவிட மரியாதைதான் தோன்றியது. கட்டணம் அதிகம் என்று சண்டை போடலாம். ஆனால் சாதாரணப் பேருந்தில், சாதாரண டிக்கெட்டில் போகிற பாட்டியின் கூண்டுக்கு அங்கே ஓர் இடமும் ஒரு விலையும் இருக்கிறது.

பழக்கம் யாருடையது என்பதற்கும் பதில் சொல்லிவிடலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து, அதாவது ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று அங்கே கிடைத்தது. மாடு மீட்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் என்பதும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் கல்வெட்டாகப் பதிந்திருக்கின்றன. நாய்க்குப் பெயர் வைத்து, அதைக் கல்லில் எழுதி, வீரனுக்குச் சமமாக நிற்கவைத்தவர்கள் நம் ஆட்கள். இங்கிலாந்திலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை.

உரிமை கேட்கிறவர்கள் கடமையும் ஏற்கவேண்டும். நாய் வளர்ப்பவர்களில் பொறுப்பில்லாதவர்கள் நிறைய உண்டு. "எங்க பப்பி ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிக்கொண்டே சங்கிலியைத் தளர்த்துகிறவர்களால்தான் மற்றவர்களுக்கு இந்த வெறுப்பு. அவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. சங்கிலி, வாய்க்கூடு, உறிஞ்சும் விரிப்பு, மருத்துவர் சான்று எல்லாம் கட்டாயமாக இருக்கட்டும். அசிங்கம் செய்தால் உரிமையாளரே சுத்தம் செய்யட்டும், தவறினால் அபராதம் வலிக்கிற அளவுக்கு இருக்கட்டும். படுக்கையில், போர்வையில் பிராணியை ஏற்றினால் அடுத்த முறை அனுமதி மறுக்கட்டும். வயதான நாய், இதயக் கோளாறுள்ள நாய், இரைச்சலைக் கேட்டாலே நடுங்குகிற பூனை, இவற்றை ஒரு நாள் பயணத்துக்கு இழுத்துப்போவதே தப்பு. அதைச் சொல்லவேண்டியவர் டிடிஇ இல்லை, மருத்துவர்.

ரயில்வே செய்யவேண்டியவையும் அப்படியொன்றும் மலையைப் புரட்டுகிற வேலைகள் கிடையாது. மனிதருக்கு எடுக்கும் டிக்கெட்டோடே பிராணிக்கும் பதிவு நடக்கட்டும், சார்ட் வரும்வரை யாரையும் தொங்கலில் விடவேண்டாம். கூண்டில் அடங்குகிற சிறு பிராணிகள் ஒதுக்கிய தடுப்பில் வரட்டும். பெரிய நாய்களுக்கு அதே பெட்டியின் ஓரத்தில், உரிமையாளர் எழுந்து இரண்டு எட்டு வைத்தால் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில், காற்றோட்டமுள்ள அடைப்பு இருக்கட்டும். கட்டணம் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும், அது ஸ்லீப்பர் டிக்கெட்காரர் தாங்குகிற கட்டணமாக இருந்தால் போதும். ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கும், ஏப்ரல் முதல் ஜூன் வரை எந்தப் பயணத்துக்கும், டாக் பாக்ஸில் உயிருள்ள எதையும் ஏற்றக்கூடாது என்று உத்தரவு போடட்டும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை, 1978-ஆம் ஆண்டு விதிகளை அரசே படித்துப் பார்த்தால் போதும். அந்த 120 ரூபாயையும் அப்படியே கிழித்துப் போடட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், "மனுசனுக்கே இடமில்லை" என்று யாராவது ஆரம்பித்தால் அவரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. இடமில்லை என்பதுதான் காரணம் என்றால், முதல் வகுப்பில் மட்டும் ஏன் நாய்க்கு இடம் இருக்கிறது? வண்டியிலேயே ஒரு பயணிக்கு மிக அதிக இடம் தரும் வகுப்பு அது. ஒருவருடைய நாய்க்காக இன்னொருவரின் படுக்கை காலியாகப் போகிற வகுப்பும் அதுதான். அங்கே எழாத ஆட்சேபணை ஸ்லீப்பர் பெட்டியின் வாசலில் மட்டும் எழுகிறது என்றால், பிரச்சினை இடத்தில் இல்லை. ஏழைப் பயணியின் பெயரால் இந்த விதியைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள், முதலில் அதன் கட்டணப் பட்டியலை அவரிடம் படித்துக்காட்டட்டும்.